கேலக்ஸி வளர்வதை யாரும் பார்த்ததில்லை, அப்புறம் எப்படிச் சொல்கிறார்கள்?

வாசகர் கேள்வி, 11 டிசம்பர் 2025

கேலக்ஸிகள் இப்படித்தான் உருவாயின, இப்படித்தான் வளர்ந்தன என்று உறுதியாக எழுதுகிறார்கள். சூரியன் நம் கேலக்ஸியான பால்வழியை ஒரு சுற்று முடிக்கவே 20 கோடி ஆண்டுக்கு மேல் ஆகுமாம். தொலைநோக்கி வந்தே 400 சொச்சம் ஆண்டுதான். எந்தக் கேலக்ஸியும் உருமாறியதை ஒருவரும் பார்த்ததில்லை, ஆய்வுக்கூடத்தில் செய்து பார்க்கவும் வழியில்லை. இது அறிவியலா, ஊகமா?

11 டிசம்பர், இரவு

முதல் பாதி சரி. எதுவும் நம் கண்ணெதிரில் வளராது, ஒவ்வொரு கேலக்ஸிக்கும் நம்மிடம் இருப்பது ஒரே ஒரு படம். ஆனால் ஒரு தென்னந்தோப்பை ஒரு முறை சுற்றி வந்தாலே கன்று, இளமரம், காய்க்கிற மரம், மண்டை போன மரம் எல்லாம் கண்ணில் பட்டுவிடும். தென்னை எப்படி வளர்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரே மரத்தடியில் 60 வருடம் உட்கார வேண்டியதில்லை. வானியலாளர்களுக்கு இதைவிடக் கூடுதலாக ஒரு வசதி உண்டு. ஒளி வந்து சேர நேரம் பிடிப்பதால் தூரத்து வரிசை என்பது பழைய வரிசை. 800 கோடி ஆண்டுக்கு முன் கிளம்பிய ஒளி 800 கோடி ஆண்டுக்கு முந்தைய கேலக்ஸியைத்தான் காட்டும். உள்ளே போகப் போகத் தோப்பின் இளமைக்காலமே நேரில் தெரிகிறது.

12 டிசம்பர்

அந்த உள்வரிசையை முதன்முதலாக ஆழமாகப் பார்த்து வரும் 18ஆம் தேதியோடு 30 ஆண்டு. 1995 டிசம்பர் 18 முதல் 28 வரை ஹப்பிள் தொலைநோக்கியைச் சப்தரிஷி மண்டலத்துப் பக்கம் வெறுமையாகத் தெரிந்த ஓர் இடத்தில் திருப்பி, பத்து நாள் அப்படியே வைத்தார்கள். ஹப்பிள் ஆய்வு மையத்தின் இயக்குநர் ராபர்ட் வில்லியம்ஸ் தன் விருப்பப்படி செலவிட ஒதுக்கியிருந்த நேரத்தை இதற்குக் கொடுத்தார். வீண் வேலை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். எட்டடி தள்ளி வைத்த ஒரு கடுகு எவ்வளவு வானத்தை மறைக்குமோ அவ்வளவுதான் இடம். 342 படங்களை ஒன்றாக்கியதும் அந்தக் கடுகுக்குள் ஏறக்குறைய 3,000 கேலக்ஸிகள்.

அதில் எனக்கு முக்கியமாகப் படுவது எண்ணிக்கையைவிட உருவம். பக்கத்துக் கேலக்ஸிகள் சுருளாகவும் முட்டை வடிவிலும் ஒழுங்காக இருக்கின்றன. அந்தப் படத்தில் தூரத்தில் இருப்பவை சிறியவை, கோணல்மாணலானவை, கட்டிகட்டியாக நீலம் தெறிப்பவை. தூரம் போகப் போக ஆளே மாறுகிறது. எல்லாம் ஒரே காலத்தில் ஒரே மாதிரி உண்டாகி அப்படியே நின்றிருந்தால் இந்த வித்தியாசம் வந்திருக்காது.

12 டிசம்பர், பின்னிரவு

தூரம் எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான், அது இல்லாவிட்டால் தோப்பு உவமையே நிற்காது.

பிரபஞ்சம் விரிவதால் வழியில் ஒளியின் அலை நீள்கிறது, நீலம் சிவப்புப் பக்கம் நகர்கிறது. செம்பெயர்ச்சி என்பது இதுதான். ஒளியை நிறமாலையாகப் பிரித்து, ஹைட்ரஜனோ ஆக்சிஜனோ விடும் கோடு இருக்க வேண்டிய இடத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று அளந்தால் தூரம் வந்துவிடும். ஆனால் மங்கலான ஆயிரக்கணக்கான கேலக்ஸிகளுக்கு நிறமாலை எடுக்க நேரம் போதாது. அதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. அந்த 1995 படங்கள் நான்கு வடிகட்டிகளில் எடுத்தவை: ஒன்று புற ஊதா, ஒன்று நீலம், ஒன்று நடு நிறம், ஒன்று சிவப்புக் கடைசி. எல்லாம் பொதுவில் கிடைக்கின்றன. ஒரு மழைநாளில் நான்கையும் இறக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி. சிவப்பில் இருக்கிறது, நடு நிறத்தில் இருக்கிறது, நீலத்தில் இருக்கிறது, புற ஊதாவுக்குப் போனால் இல்லை. அங்கே வெறும் இருட்டு. பக்கத்திலிருந்த புள்ளிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, இது மட்டும் அணைந்துவிட்டது. குறிப்பிட்ட அலைநீளத்துக்குக் கீழே உள்ள புற ஊதாவை ஹைட்ரஜன் விழுங்கிவிடும், அந்த வெட்டு நகர்ந்து எந்த வடிகட்டியில் விழுகிறதோ அங்கே கேலக்ஸி காணாமல் போகும். எந்த வடிகட்டியில் காணாமல் போனது என்பதிலிருந்து தூரத்தை ஓரளவு கணிக்கலாம். அன்றைக்கு நான் பார்த்த புள்ளியின் ஒளி 1,000 கோடி ஆண்டுக்கும் மேல் பழையது. இரண்டு மணி நேரம் அதையே அணைத்து அணைத்து ஏற்றிக்கொண்டிருந்தேன்.

13 டிசம்பர்

தென்னந்தோப்பு உவமையில் ஒரு திருத்தம். தோப்பில் எல்லாமே தென்னை. வானத்தில் அப்படி இல்லை. தூரத்தில் நாம் பார்க்கும் நீலக் கட்டி, பக்கத்தில் பார்க்கும் சுருள் கேலக்ஸியின் குழந்தைப் படம்தான் என்று எப்படிச் சொல்வது? அது வளர்ந்து இன்றைய ராட்சத முட்டைக் கேலக்ஸியாகியிருக்கலாம், வேறொன்று அதை விழுங்கியுமிருக்கலாம். இது துறைக்குள்ளேயே உள்ள உண்மையான சிக்கல். யாரோடு யாரைச் சேர்த்து வரிசைப்படுத்துவது என்பதில்தான் பாதி உழைப்பு போகிறது.

அந்தத் தொலைநோக்கிக்குப் பெயர் தந்த வானியலாளர் எட்வின் ஹப்பிளே இதில் ஒரு குழப்பத்தை விட்டுப் போயிருக்கிறார். முட்டை வடிவத்தை ‘முந்தைய வகை’ என்றும் சுருளைப் ‘பிந்தைய வகை’ என்றும் அழைத்தார். அந்தப் பெயர்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. படிப்பவர் முட்டைதான் சுருளாக வளர்கிறது என்று எடுத்துக்கொள்வார். நானும் கல்லூரி நாள்களில் அப்படித்தான் நினைத்தேன். இன்று தெரிவது ஏறக்குறைய தலைகீழ்: தட்டையான சுருள்கள் மோதி இணைந்துதான் பெரிய முட்டைகள் பல உண்டாகின்றன.

14 டிசம்பர்

“ஆய்வுக்கூடத்தில் செய்து பார்க்க வழியில்லை” என்றீர்களே, அதற்கு ஒரு பதில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கதை.

1941, ஸ்வீடன். எரிக் ஹோம்பெர்க் என்பவர் இரண்டு கேலக்ஸிகள் உரசிச் சென்றால் என்ன ஆகும் என்று கணக்கிட விரும்பினார். கணினி கிடையாது. ஆனால் விளக்கின் ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது, ஈர்ப்பும் அதே விதிப்படிதான் குறைகிறது. எனவே ஈர்ப்புக்குப் பதில் ஒளியை வைத்தார். கேலக்ஸிக்கு 37 மின்விளக்குகள், மொத்தம் 74. ஒவ்வொரு விளக்கு இருக்கும் இடத்திலும் எல்லாத் திசையிலிருந்தும் எவ்வளவு ஒளி விழுகிறது என்று ஒளிமானியால் அளந்தார், அதுதான் அந்த இடத்து ஈர்ப்பு. அதற்கேற்ப எல்லா விளக்குகளையும் கொஞ்சம் நகர்த்துவது, மறுபடி அளப்பது, மறுபடி நகர்த்துவது. இரண்டும் நெருங்கும்போது ஒன்றையொன்று இழுத்து உருக்குலைவதை அந்த விளக்குகள் காட்டின. இன்றைய சூப்பர் கம்ப்யூட்டர்கள் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான், ஆயிரம் கோடிப் புள்ளிகளோடு.

1972இல் தூம்ரே சகோதரர்கள் இதைக் கணினியில் செய்து, ஆண்டெனா என்றும் எலிகள் என்றும் பெயர் பெற்ற மோதும் கேலக்ஸி ஜோடிகளின் நீண்ட வால்களை அப்படியே வரவழைத்துக் காட்டினார்கள். அதுவரை அந்த வால்களுக்குக் காந்தப்புலம் அது இது என்று பல விளக்கங்கள் இருந்தன. வெறும் ஈர்ப்பே போதும் என்று ஆயிற்று.

கேலக்ஸிகள் மோதினால் நட்சத்திரங்கள் மோதாதா என்ற கேள்விக்கு: சூரியனை ஒரு கொண்டைக்கடலை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சென்டிமீட்டர். கடலை சென்னையில் இருந்தால் அடுத்த நட்சத்திரம் ஏறக்குறைய திருச்சியில். அவை மோத வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் பால்வழியை ஒரு தோசை என்று வைத்தால் நம் பக்கத்துப் பெரிய கேலக்ஸியான ஆண்ட்ரோமீடா எட்டு மீட்டர் தள்ளி இருக்கிற இன்னொரு தோசை. ஒரே கூடத்துக்குள்தான். அதனால் கேலக்ஸிகள் மோதிக்கொள்வது சகஜம், நட்சத்திரங்கள் ஒன்றையொன்று கடந்துவிடும், முட்டிக்கொள்வது இடையிலிருக்கும் வாயு. முட்டிய இடத்தில் புது நட்சத்திரங்கள் குபீரென்று பிறக்கும். நம் பால்வழியும் 400 கோடி ஆண்டில் ஆண்ட்ரோமீடாவோடு மோதும்.

14 டிசம்பர், சற்று நேரம் கழித்து

ஏன் ‘கேலக்ஸி’, பாடப்புத்தகத்தில் ‘விண்மீன் திரள்’ இருக்கிறதே என்று ஒருவர். இருக்கிறது, நல்ல சொல்தான். ஆனால் நட்சத்திரக் கொத்துக்கும் திரள் என்றே எழுதுகிறார்கள், கேலக்ஸிகளின் கூட்டத்துக்கும் திரள் என்கிறார்கள். மூன்றும் ஒரே பத்தியில் வரும்போது எனக்குக் கை தடுமாறுகிறது. இங்கே கேலக்ஸி போதும்.

15 டிசம்பர்

நேற்றைய கடைசி வரி தப்பு. 400 கோடி ஆண்டில் மோதும் என்பது 2012இல் ஹப்பிள் அளவீடுகளிலிருந்து வந்த முடிவு, அதை மனப்பாடமாக எழுதிவிட்டேன். இந்த 2025ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, பக்கத்திலிருக்கும் எம்33 கேலக்ஸியையும் பெரிய மெகல்லன் மேகம் என்ற சிறிய கேலக்ஸியையும் கணக்கில் சேர்த்தது. எம்33 சேர்ந்தால் மோதலின் வாய்ப்பு கூடுகிறது, மெகல்லன் மேகம் சேர்ந்தால் குறைகிறது. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அடுத்த 1,000 கோடி ஆண்டுக்குள் மோதல் நடக்க ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்புதான். மோதாமலே கடந்து போகலாம். கேள்வி கேட்டவர் இதைக் கவனிக்க வேண்டும். ஊகமாக இருந்தால் ‘மோதும்’ என்றே விட்டிருப்பார்கள். அளவில் உள்ள பிழை எவ்வளவு என்று அவர்களே எழுதி வைத்திருந்ததால்தான் முடிவு மாறியது.

16 டிசம்பர்

நான் சொல்ல வந்ததே இனிமேல்தான். மோதல் படங்கள் பார்க்க அழகு, ஆனால் கேலக்ஸியின் வாழ்க்கையை நடத்துவது வாயு.

எங்கள் ஊர் ஏரியை வைத்துச் சொல்கிறேன். வரத்துக் கால்வாயில் தண்ணீர் வரும், மதகு வழியாக வயலுக்குப் போகும், மிஞ்சினால் வழிந்து வெளியேறும், அதைத்தான் கோடி போவது என்போம். ஏரியில் இன்று எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்பவன் ஏரியைப் புரிந்துகொள்ள மாட்டான். எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும். கேலக்ஸியும் இப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளின் ஈர்ப்புதான் அதன் பள்ளம். வெளியிலிருந்து ஹைட்ரஜன் வாயு அந்தப் பள்ளத்துக்குள் இறங்குகிறது, அதுதான் வரத்து. குளிர்ந்து திரண்டு நட்சத்திரமாவது பாசனம். பெரிய நட்சத்திரங்கள் வெடித்து வாயுவை வெளியே எறிவது கோடி போவது. எம்82 என்ற கேலக்ஸியின் படத்தைத் தேடிப் பாருங்கள், தட்டுக்கு மேலும் கீழும் சிவப்பாகப் பீறிடுவது அதுதான்.

பிரபஞ்சத்தில் நட்சத்திரப் பிறப்பு உச்சத்தில் இருந்தது சுமார் 1,000 கோடி ஆண்டுக்கு முன். இன்று அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஏன் குறைந்தது? இதற்கு ஒரு முக்கியமான சான்று புனேவுக்கு வடக்கே, நாராயண்காவ் பக்கத்தில் கோடாட் என்ற ஊரில் இருக்கும் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியிலிருந்து வந்தது. 45 மீட்டர் அகலத்தில் 30 கம்பிவலைத் தட்டுகள். குளிர்ந்த ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டர் அலையில் மெல்லிய சமிக்ஞை விடும். 800 கோடி ஆண்டு பயணத்தில் அது நீண்டு 42 சென்டிமீட்டர் அளவில் வந்து சேரும். தனி ஒரு கேலக்ஸியின் சத்தம் அவ்வளவு தூரத்திலிருந்து கேட்கவே கேட்காது. அதனால் ஆதித்ய சவுத்ரி, நிசிம் கனேகர், ஜெயராம் செங்கலூர் குழுவினர் 7,653 கேலக்ஸிகளின் சமிக்ஞைகளைச் செம்பெயர்ச்சிப்படி சரிசெய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். சத்தமில்லாத ஏழாயிரம் பேரின் முணுமுணுப்பைக் கூட்டினால் ஒரு குரல் கேட்கிறது. 2020இல் வெளியான முடிவு இதுதான்: அந்தக் கேலக்ஸிகளில் வாயு நிறைய இருந்தது, ஆனால் அவை நட்சத்திரம் செய்த வேகத்தில் அது 100 முதல் 200 கோடி ஆண்டுக்குத்தான் தாங்கும். வரத்து நின்றால் அதற்குள் ஏரி வற்றிவிடும். அதன்பின் நட்சத்திரப் பிறப்பு குறைந்ததற்கு, வரத்து ஈடுகொடுக்காததே காரணம் என்கிறார்கள்.

எங்கள் ஏரியும் மழை குறைந்ததால் வற்றவில்லை. வரத்துக் கால்வாய் மேலே மூடிப்போனது. சின்ன வயதில் கோடி போகும்போது மீன் பிடித்த இடத்தில் இப்போது சீமைக்கருவேலம். இந்த ஆய்வைப் படித்த அன்று எனக்கு அந்த இடம்தான் நினைவுக்கு வந்தது.

17 டிசம்பர்

ஏரி உவமைக்கு ஒரு விளிம்பு உண்டு. கோடி போன தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போய்விடும், திரும்பாது. கேலக்ஸி எறிந்த வாயுவில் ஒரு பகுதி மறுபடி உள்ளேயே விழும். இன்னொன்று, பெரிய கேலக்ஸிகளைச் சுற்றி வாயு இருக்கும், ஆனால் பத்து லட்சம் டிகிரிச் சூட்டில், கீழே இறங்காது. நடுவிலிருக்கும் கருந்துளை அதை ஆறவிடாமல் சூடாக்கிக்கொண்டே இருக்கிறது. பெர்சியஸ் என்ற கேலக்ஸிக் கூட்டத்தின் நடுக் கேலக்ஸியைச் சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கி பார்த்தபோது, கருந்துளையின் பீய்ச்சல்கள் வாயுவில் பெரிய குமிழ்களை ஊதி வைத்திருந்தது தெரிந்தது. அந்தக் குமிழ்களிலிருந்து அலைகள் பரவுவதை 2003இல் அறிவித்தார்கள். தண்ணீர் இருந்தும் வயலுக்கு வராத நிலை.

17 டிசம்பர், மாலை

கருந்துளையைச் சொன்னதும் வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர் பெயரை இழுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் அவருக்கு வேறொரு இடம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், 1943இல் ‘இயக்க உராய்வு’ பற்றி எழுதினார். கனமான ஒரு பொருள் நட்சத்திரக் கூட்டத்துக்குள் போகும்போது வழியிலுள்ள நட்சத்திரங்கள் அதை நோக்கி இழுபட்டு அதன் பின்னால் குவிகின்றன. குவிந்தவை அதைப் பின்னோக்கி இழுக்கின்றன. எதிலும் முட்டாமலே வேகம் குறைகிறது. சிறிய கேலக்ஸி பெரியதைச் சுற்றிச் சுற்றிக் கடைசியில் உள்ளே விழுவது இதனால்தான். மெகல்லன் மேகத்துக்கும் இதே கதிதான் காத்திருக்கிறது.

18 டிசம்பர்

“படமெல்லாம் சரி, நம் பால்வழி இன்னொன்றை விழுங்கியதற்கு அத்தாட்சி என்ன?” அத்தாட்சி நம் தலைக்கு மேலேயே இருக்கிறது.

கையா விண்கலம் 2018 ஏப்ரலில் 130 கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் தூரத்தையும் நகர்வையும் வெளியிட்டது. பால்வழியின் தட்டைச் சுற்றியுள்ள பழைய நட்சத்திரங்களில் பெரும்பகுதி, மற்றவைபோல் வட்டமாகச் சுற்றாமல் நடுவை நோக்கிப் பாய்ந்து மறுபக்கம் போய்த் திரும்புவது தெரிந்தது. உலோக அளவிலும் அவை தனிச் சாதி. மெக்னீசியம் பெரிய நட்சத்திரங்கள் வெடிப்பதால் சீக்கிரம் வருவது, இரும்பில் பெரும்பகுதி வெள்ளைக் குள்ளன்கள் (எரிந்து முடிந்த சிறு நட்சத்திரங்களின் மிச்சம்) வெடித்து மெதுவாகச் சேர்வது. இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் அந்த நட்சத்திரம் பிறந்த வீட்டில் அடுப்பு எவ்வளவு வேகமாக எரிந்தது என்று தெரியும். இவை பிறந்த வீடு பால்வழியைவிடச் சிறியது, மெதுவானது. சுமார் 1,000 கோடி ஆண்டுக்கு முன் ஒரு கேலக்ஸி மொத்தமாக உள்ளே வந்து விழுந்திருக்கிறது. கையா-என்செலடஸ் என்று பெயர் வைத்தார்கள். வந்து இவ்வளவு காலமாகியும் அதன் நட்சத்திரங்கள் நடையை மாற்றிக்கொள்ளவில்லை.

19 டிசம்பர்

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எல்லாக் கொள்கையையும் உடைத்துவிட்டது என்ற காணொளியைப் பலர் ஒட்டியிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுமை வேண்டும். 2022இல் ஒரு புள்ளியை, பிரபஞ்சம் பிறந்து வெறும் 25 கோடி ஆண்டில் இருந்த கேலக்ஸி என்று கணித்தார்கள். நான் 12ஆம் தேதி சொன்ன அதே வடிகட்டி வித்தைதான். அடுத்த ஆண்டு நிறமாலை எடுத்துப் பார்த்தால் அது பிரபஞ்சம் பிறந்து 120 கோடி ஆண்டு ஆனபின் இருந்தது! தூசியும் வலுவான வாயுக் கோடுகளும் சேர்ந்து வடிகட்டிகளை ஏமாற்றியிருந்தன. என் புள்ளியையும் உடனே மறுபடி எடுத்துப் பார்த்தேன். பட்டியலில் அதற்கு நிறமாலை இருந்தது, தூரம் சரிதான்.

ஆனால் எல்லாமே பொய்த்துவிடவில்லை. ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற கேலக்ஸி நிறமாலையாலேயே உறுதியானது, பிரபஞ்சம் பிறந்து சுமார் 30 கோடி ஆண்டில் இருந்தது. எதிர்பார்த்ததைவிடப் பெரியது, பிரகாசமானது. 2025இல் ஆல்மா தொலைநோக்கி அதில் ஆக்சிஜனையும் கண்டது. ஆக்சிஜன் இருந்தால் அதற்கு முன்பே நட்சத்திரங்கள் பிறந்து செத்திருக்கின்றன என்று பொருள். இவ்வளவு சீக்கிரம் எப்படி என்பதற்கு இன்னும் எல்லோரும் ஒத்துக்கொண்ட விடை இல்லை. பிரபஞ்சக் கொள்கை உடையவில்லை, ஆரம்பக் காலத்தில் வாயு நட்சத்திரமாகும் வேகத்தை நாம் குறைத்து மதிப்பிட்டிருக்கிறோம் என்பதுதான் இன்றைக்கு எனக்கு நியாயமாகப் படுகிறது.

20 டிசம்பர், நள்ளிரவு

அமாவாசை. ஜவ்வாது மலையில் ஒரு நண்பரின் நிலத்தில் இருந்து எழுதுகிறேன், அவருடைய எட்டு அங்குலத் தொலைநோக்கியோடு மூன்று பேர். குளிர். ஏழு மணிக்கு ஆண்ட்ரோமீடா வடக்கே நல்ல உயரத்தில் இருந்தது. வெறும் கண்ணுக்கு, கண்ணாடியில் மூச்சு விட்டால் படியும் ஆவி மாதிரி. பைனாகுலரில் நீள்வட்டம், நடுவில் கொஞ்சம் வெளிச்சம். தொலைநோக்கியில் அதன் ஓரத்தில் உருண்டையாக, இறுக்கமாக இன்னொரு சின்ன ஒளி: எம்32. ஆண்ட்ரோமீடா சுமார் 200 கோடி ஆண்டுக்கு முன் ஒரு பெரிய கேலக்ஸியை விழுங்கியிருக்கலாம், அதன் நடுப்பகுதி மட்டும் மிஞ்சியதே எம்32 என்று 2018இல் ஓர் ஆய்வு சொன்னது. நண்பரின் மகள், ஏழாவது படிக்கிறாள், நெடுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, “அப்போ அது கொட்டையா மாமா?” என்றாள். ஆமாம், சதை போய்விட்டது.

கேள்வி கேட்டவருக்கு: வேலூர்ப் பக்கம்தான் இருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். 8:40க்கு மேகம் மூடிவிட்டது, இன்று இனி ஒன்றும் தெரியாது. அடுத்த அமாவாசை ஜனவரி 18. அப்போது ஆண்ட்ரோமீடா இருட்டியதும் வடமேற்கே இருக்கும். ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு வாருங்கள்.